பெரியப்பாவின் ஜப்பான் படம்

என்றும் எண்ணெய் மணக்கும் என் பெரியப்பாவுக்கு,

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. அருவிக்கரையில் நீங்கள் எண்ணெய் தேய்த்துவிடும் பாறையில் இப்போது வேறொருவர் தேய்க்கிறார். கையில் வலுப் போதாது. அவரிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன்.

தென்காசி வீட்டுச் செய்திக்கு வருகிறேன். உங்களை ஒரு புகைப்படம்கூட எடுக்காமல் விட்டுவிட்டோம். பதினாறாம் நாளன்று மாலை போடப் படம் வேண்டும் என்று பெரியம்மை அழுதாள். கட்டட வரைபடம் போடுகிற டிராப்ட்ஸ்மேன் அல்லவா நான்? அளவுகோல் வைத்து உங்களை வரைந்தேன். "இது யாருலே, தாலுகா குமாஸ்தாவா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

பிறகு உங்கள் பெட்டியிலிருந்து அந்த ஜப்பான் மல்லன் படத்தை எடுத்தாள். சிங்கப்பூர் வியாபாரி ஒருவர், "அண்ணாச்சி, உம்மப் பாத்துத்தான் வரைஞ்சிருக்கான்" என்று கொடுத்தாரே, அதேதான். அதே குடுமி, அதே தொந்தி, அதே முறைப்பு. மாலை போட்டுவிட்டாள். மல்லன் இடுப்பில் தொங்கும் சரிகைத் துணிதான் அவளுக்கு உறுத்தல். "இத எப்பம் எடுத்தாரு? யாருக்குக் காட்ட?" நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

வரைந்தவன் வேலை சுத்தமான வேலை, மறுக்க மாட்டேன். நிறத்துக்கு ஒரு மரக்கட்டை செதுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டிருக்கிறான், மயிரிழை விலகவில்லை. தொந்தி முழுவதும் ஒரே கோடு. நான் முப்பது கோடு போட்டும் வராத தொந்தி!

போன வாரம் வந்தது வினை. ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்திருக்கிற நேரம். யார் போய்ச் சொன்னார்களோ, ஏட்டையா வாசலில் வந்து நின்றார். எதிரி நாட்டுப் படம், பறிமுதல் செய்யப்போவதாகச் சொன்னார்.

"ஆச்சி, ஓரத்துல ஜப்பான் எழுத்துல்லா இருக்கு?"

"அது அவரு கையெழுத்துய்யா. படிப்பு கிடையாதுல்லா, இப்பிடித்தான் கிறுக்குவாரு."

ஏட்டையா என் பக்கம் திரும்பினார். "ஏலே, நீ படிச்சவன். உள்ளதச் சொல்லு."

ஒரு பொய்கூடச் சொல்லத் தெரியாதவன் என்று என்னை எத்தனை முறை திட்டியிருக்கிறீர்கள்! "பெரியப்பா அழகுன்னு ஒரு தடவ சொல்லேம்லே" என்று நீங்கள் கேட்டபோது, அளவு நாடாவை எடுத்து இடுப்பைச் சுற்றி, "ஐம்பத்தாறு அங்குலம்" என்றவன் நான்.

பெரியம்மை மாலையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பெரியப்பாதான்" என்றேன்.

ஏட்டையா கிட்டப் போய் உற்றுப் பார்த்தார். "ஆமாலே, அவருதான்! என் முதுகுல ஏறி மிதிச்ச காலுல்லா இது!" கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

நான் சொன்னது பொய்தானா? இப்போது எனக்கே நிச்சயமில்லை.

சாரல் ஈரம் தாளைத் தின்றுவிடும். இந்த வாரமே கண்ணாடிச் சட்டம் போட்டுவிடுகிறேன். உங்கள் கையெழுத்து மறையாமல் போடுவேன்.

அழகாகத்தான் இருக்கிறீர்கள், பெரியப்பா.

உங்கள் இடுப்பை அளந்த
தம்பி மகன்