தெக்கலூருக்குப் போட்ட ஒரு போன்

மார்ச் 9, திங்கள்

ஒன்பது மணிக்கே பட்டறைத் தகரம் சுட ஆரம்பித்துவிட்டது. பம்ப் ஷாஃப்ட் இன்னும் நாற்பது கடைய வேண்டும். இரண்டாம் நம்பர் லேத்தில் பெல்ட் சத்தம்.

வாங்க வேண்டியது: கூலன்ட் ஆயில், வெள்ளைத்தாள், ச.வுக்கு மூட்டுவலித் தைலம். (ச. என்றால் சரஸ்வதி. முப்பத்திரண்டு வருடச் சம்சாரத்துக்கு ஓர் எழுத்து போதும்.)

மணி வேலையை விட்டு நிற்கிறானாம். ஒன்பது வருடமாக என்னிடம் லேத் ஓட்டும் டர்னர். அரசூரில் ஒரு பெரிய கம்பெனியில் கூடத் தருகிறார்கள். திட்டுவேன் என்று எதிர்பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "உன்ற கை, உன்ற ஒழைப்பு. எங்க வேணுமோ அங்க வித்துக்க. தடுக்க நான் ஆரு?" என்றேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் கஷ்டம்தான், அவனைப் போல த்ரெட் (திருகு மரை) போட ஆள் கிடைக்காது. ஆனால் கொள்கை என்று இருந்தால் நஷ்டம் வரும்போதும் இருக்க வேண்டும்.

மதியம் தொழிலாளர் துறை அதிகாரி ஒருவர் வந்தார். வேலை நேரம் எழுதின போர்டு எங்கே மாட்டியிருக்கிறது என்று கேட்டார். மூன்று பேர் வேலை செய்யும் இடம். மூன்று பேருக்கும் நேரம் தெரியும். போர்டு ஒன்றுக்குத்தான் தெரியாது. மாட்டிவிடுகிறேன் என்றேன். டீ குடித்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் பத்திரிகைக்குக் கடிதம், நான்காவது தடவையாகத் திருத்தி எழுதினேன். வேலை கொடுப்பவனும் செய்பவனும் பேசி முடிக்க வேண்டியதில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. அரசாங்கம் ரோடு போடட்டும், திருடனைப் பிடிக்கட்டும், அதோடு நிற்கட்டும். பெண்களுக்கு எதற்கு ஓசி பஸ்? வெட்டியாக ஊர் சுற்றுவதற்கு ஊரார் வரி கட்ட வேண்டுமா? கடைசி வரி நன்றாக வந்திருக்கிறது. நாளை தபாலில் போட்டால் தாமதமாகும். மெயிலில் அனுப்பிவிட்டேன்.

மார்ச் 11, புதன்

பத்திரிகையில் கடிதம் வந்துவிட்டது. பாதியை வெட்டிவிட்டார்கள், படுபாவிகள். ரோடு, திருடன், மூன்றாவது ஆள், எல்லாம் போயிற்று. பஸ் மட்டும் நிற்கிறது. மூன்று பேர் போன் செய்து பாராட்டினார்கள்.

ச.விடம் காட்டினேன். அடுப்படியில் நின்றபடி கண்ணாடி இல்லாமல் படித்தாள். எனக்கு அது முடியாது. நல்லா எழுதியிருக்கீங்க என்றாள். எல்லோரும் ஊர் சுற்றத்தான் போகிறார்கள் என்று எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்டாள். காலையில் டவுன் பஸ்ஸைப் பார்த்தால் தெரியாதா என்றேன். தோசை ஊற்றப் போய்விட்டாள்.

மார்ச் 12, வியாழன்

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு. ஒன்பதிலிருந்து ஐந்து வரை கரண்ட் இல்லை. மறந்தே போயிருந்தேன். மணியையும் எடுபிடிப் பையனையும் அனுப்பிவிட்டுச் சோமனூர் வீட்டுக்கு வந்தால், பதினொரு மணிக்கு அது பூட்டிக் கிடக்கிறது.

என்னிடம் சாவி கிடையாது. எதற்குச் சாவி? நான் போகும்போதும் வரும்போதும் அவள் வீட்டில் இருப்பாள்.

பக்கத்து வீட்டு ரேவதி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அக்கா கம்பெனிக்குப் போயிருக்காங்களேண்ணா என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. முகம் செத்துவிட்டது. மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, அப்புறம் வெளியே வரவே இல்லை. முருங்கை நிழலில் வண்டிமேல் உட்கார்ந்திருந்தேன். நிழல் நகர, வண்டியையும் நகர்த்தினேன். பசி. ஆத்திரம். எந்தக் கம்பெனி?

ஐந்தே முக்காலுக்கு டவுன் பஸ். இறங்கினாள். கையில் டிபன் டப்பா. கழுத்தில் அட்டை: போட்டோ, பேர், "செக்கிங்". என்னைப் பார்த்தும் நிற்கவில்லை, வேகமாகவும் வரவில்லை. கதவைத் திறந்தாள். முகம் கழுவினாள். டீ வைத்தாள். பிறகு சொன்னாள்.

எட்டு மாதமாகப் போகிறாள். தெக்கலூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனி. தைத்து வரும் பனியனை மேஜையில் டியூப்லைட்டுக்குக் கீழே விரித்து, ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அந்த இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். நாற்பது பெண்கள். நான் எட்டு மணிக்குப் போனதும் போவாள், ஏழரைக்கு வருமுன் வந்துவிடுவாள்.

உனக்கு என்ன குறை வைத்தேன் என்று கத்தினேன்.

"கொறையொன்னுமில்லீங்க. நான் பாத்து விட்ட பீசு இதுவரைக்கும் ஒன்னுகூடத் திரும்பி வந்ததில்லீங்க. புதுசா வர்ற புள்ளைங்களை எங்கிட்டத்தான் உக்கார வெக்கறாங்க."

இந்தக் குரலில் அவள் பேசி நான் கேட்டதே இல்லை. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன்.

"சொன்னா அனுப்புவீங்களா?"



மார்ச் 13, வெள்ளி

எழுதிப் பார்த்தால்தான் எனக்கு யோசனை ஓடும்.

அவள் கை. அவள் உழைப்பு. கொடுக்கிறவனுக்குச் சம்மதம், செய்கிறவளுக்குச் சம்மதம். யாருக்கும் நஷ்டமில்லை. திங்கட்கிழமை மணியிடம் சொன்னது இவளுக்கும் பொருந்தும். பொருந்தாது என்று சொல்ல ஒரு காரணமாவது கிடைக்கிறதா என்று காலையிலிருந்து பார்க்கிறேன். கிடைக்கவில்லை.

இன்னொரு பக்கம். அடுத்த மாதம் பங்காளி வீட்டுக் கல்யாணம். பந்தியில் பேச்சு வரும். பட்டறைக்காரர் சம்சாரம் பனியன் கம்பெனிக்குப் போகுதாம், அதுவும் ஓசி பஸ்ஸில், அவர்தான் பேப்பரில் எழுதினாராம். என் தம்பி சிரிப்பான். அம்மா கூலிக்குக் காட்டு வேலைக்குப் போனவள். நம்ம ஊட்டுப் பொம்பளைங்க இனி வேலைக்குப் போறதில்லை என்று அப்பா சொல்வதற்கு இருபது வருடம் ஆயிற்று. அந்தக் கௌரவத்தை நானா கீழே இறக்குவது?

இது கொள்கையே இல்லை, வெறும் மானப் பிரச்சினை. தெரிகிறது. தெரிந்தும் விட முடியவில்லை.

சாயங்காலம் நாளையிலிருந்து போக வேண்டாம் என்றேன். "நிக்க மாட்டேனுங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை. அரிசி ஊறப்போடப் போய்விட்டாள்.

மார்ச் 14, சனி

ஷாஃப்ட் பதினெட்டு முடிந்தது. மணிக்கு அடுத்த வாரம்தான் கடைசி.

அந்தக் கம்பெனி முதலாளி தங்கவேல். ஒரு காலத்தில் அவர் மெஷின்களுக்கு உருளை கடைந்து கொடுத்திருக்கிறேன். பதினோரு மணிக்குப் போன் போட்டேன். அவர் பதறிவிட்டார். உங்க ஊட்டுக்காரங்கன்னு தெரிஞ்சிருந்தா சேத்திருக்கவே மாட்டனுங்கண்ணா என்றார். நிறுத்திவிடுங்கள், நான் சொன்னதாக அவளுக்குத் தெரிய வேண்டாம் என்றேன். "நீங்க சொன்னாச் சரிங்கண்ணா. அவங்க மனசு நோகாம நான் பாத்துக்கறேன்."

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நோட்டீஸ் இல்லை, காரணம் இல்லை. வேலையை விட்டு நிறுத்த முதலாளிக்கு அந்தச் சுதந்திரம் வேண்டும் என்று போன வருடம் நானே எழுதியிருக்கிறேன். அப்போது அதை வெட்டாமல் போட்டார்கள்.

சரி, வேலை கொடுப்பவனுக்கும் செய்பவளுக்கும் நடுவில் இன்று போய் நின்ற மூன்றாவது ஆள் யார்? இதைப் பட்டறையில் யாரிடமும் சொல்ல முடியாது. 

மார்ச் 16, திங்கள்

வீட்டுக்கு வந்தபோது விளக்கு போடாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். மதியமே வந்துவிட்டாளாம்.  அவளாகவே சொன்னாள்.

"நிறுத்திப்போட்டாங்க. எனக்குக் கண்ணு தெரியலைங்களாம்."

சூப்பர்வைசர் ஹால் நடுவில் நின்று சொல்லியிருக்கிறான். இவள் பார்த்து விட்ட பனியனில் ஒரு கட்டு ஓட்டையோடு திரும்பி வந்துவிட்டதாம். வயசாயிருச்சு, கண்ணு மங்கிருச்சு, வீட்டில் இருங்கக்கா என்று. நாற்பது பேரும் தலை நிமிர்ந்து பார்த்தார்களாம். இவள் பழக்கிவிட்ட பெண்தான் டிபன் டப்பாவை எடுத்துக்கொடுத்தாளாம்.

தங்கவேல் மனசு நோகாமல் பார்த்துக்கொண்டது இப்படி. புருஷன் போன் போட்டார் என்று சொல்வதைவிட இது மரியாதை என்று நினைத்திருப்பார். நம் ஊர் மரியாதை.

அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும்.  கொஞ்ச நாள் ஓய்வெடு என்றேன்.

மார்ச் 18, புதன்

காலையில் பனியன் போட்டால் அக்குளில் என்னவோ உறுத்துகிறது. கழற்றிப் பார்த்தேன். சிவப்பு அம்பு ஸ்டிக்கர். அம்பு நுனியில் குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டை.

பீரோவைத் திறந்தேன். என் பனியன் அத்தனையிலும் அம்பு. தலையணை உறையில், துண்டில், பேத்தியின் பழைய கவுனில். பகலெல்லாம் டியூப்லைட்டைப் போட்டுக்கொண்டு இதைத்தான் செய்கிறாளாம். "பழகிப் பாக்கறேனுங்க" என்றாள். எதையாவது விட்டிருக்கிறாளா என்று என்னைப் பார்க்கச் சொன்னாள். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். அவள் கண்டுபிடித்ததே எனக்குத் தெரியவில்லை. ஒன்றும் விடவில்லை என்றேன். ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

அரிசியில் இரண்டு தடவை கல் பார்க்கிறாள். ஊசியில் நூல் கோக்க ரேவதியைக் கூப்பிடுகிறாள். சும்மா இருந்தவளை இப்படி ஆக்கிவிட்டேன்.

பெல்ட் இன்னும் மாற்றவில்லை.

மார்ச் 21, சனி

கண் ஆஸ்பத்திரி, கோயமுத்தூர். அவள்தான் கூட்டிப்போகச் சொன்னாள். டோக்கன் 63. சொட்டு மருந்து விட்டு ஒன்றரை மணி நேரம். கண்ணை மூடிக்கொண்டு என் கையைப் பிடித்திருந்தாள். அந்த ஒன்றரை மணி நேரமும் சொல்லிவிடலாம் சொல்லிவிடலாம் என்று இருந்தது.

சின்ன வயது டாக்டரம்மா. இந்த வயதுக்கு அருமையான கண் என்றார். புரை இல்லை, ஒன்றும் இல்லை. ச. வேற மிசின்ல பாக்க முடியுங்களா என்று கேட்டாள். டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

திரும்பும்போது நீலாம்பூரில் இளநீர். பாதி குடித்துவிட்டு வைத்துவிட்டாள். "டாக்டருக்குத் தெரியலையா, கம்பெனிக்குத் தெரியலையா?" என்றாள். வண்டியைக் கிளப்பினேன்.

மார்ச் 22, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

காலை காபிக்குப் பிறகு. பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நின்றபடியே, ஒரே மூச்சில்: முந்தின சனிக்கிழமை தங்கவேலுக்குப் போன் போட்டது நான், கண் என்று சொன்னது தங்கவேலின் யோசனை, உன்மேல் தப்பு ஒன்றும் இல்லை. கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்ப பீசு எதுவும் திரும்பி வரலைங்களா?"

இல்லை என்றேன்.

"ஒன்னுகூட?"

ஒன்றுகூட வரவில்லை. பெரிதாக மூச்சு விட்டாள். ஒரு வாரமாகக் கறுத்துக் கிடந்த முகம் தெளிந்தது. நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். வாயில் வந்ததைச் சொல்லித் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க முடியவில்லை, கொல்லைப் பக்கம் போய் நின்றேன்.

திரும்பி வந்தபோது பீன்ஸ் நறுக்கி முடித்திருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்: "வேலை எனக்கு வேண்டாமுங்க. ஆனா அத்தனை பேருக்கு முன்னால எனக்குக் கண்ணு தெரியலைன்னு சொன்னாங்க. நீங்க அந்த ஹாலுக்கு வந்து, நாந்தான் நிறுத்தச் சொன்னேன்னு சொல்லோணும். அது போதும்."

பார்க்கலாம் என்றேன். 

மார்ச் 23, திங்கள்

மணி இல்லாத முதல் நாள். த்ரெட் இரண்டு கெட்டுப்போயிற்று.

தங்கவேலுக்குப் போன். ஹாலுக்கு வருவதைப் பற்றிப் பேச்சை எடுக்குமுன் அவரே முந்திக்கொண்டார். அக்கா நாளைக்கே வரட்டும், எனக்கு அவர்களைப் போல ஆள் இல்லை. ஒன்றே ஒன்று, உங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று நீங்கள் ஒரு லெட்டர் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். நாளைக்கு உங்க பங்காளிக ஆராச்சும் வந்து கேட்டா காட்டோணுமல்லங்க?

ஐம்பத்தைந்து வயது மனுஷிக்குப் புருஷனின் சம்மதக் கடிதம். இதை ஓர் அரசாங்க ஆபீஸ் கேட்டிருந்தால் அடுத்த நாளே பத்திரிகைக்கு எழுதியிருப்பேன். சரிங்க என்றேன். எனக்கு இது சுலபம். மூன்று தடவை திருத்தி, நல்ல தாளில் எழுதினேன். அவளுடைய திறமையைப் பற்றி இரண்டு வரி. உரிமையைப் பற்றி ஒரு வரி.

சாப்பாட்டுக்கு முன் கொடுத்தேன். டியூப்லைட்டுக்குக் கீழே போய் நின்று, மேலிருந்து கீழாக, பிறகு மறுபடியும் மேலிருந்து படித்தாள்.

"இதுல நீங்க செஞ்சது எங்கயும் இல்லீங்களே."

என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

மார்ச் 25, புதன்

பெல்ட் மாற்றியாயிற்று. பத்து மணிக்குப் பட்டறையைப் பையனிடம் விட்டுவிட்டுத் தெக்கலூர் போனேன். கேட்டுக்கு எதிரே புளியமரம், அதன் கீழே வண்டி. யாரைப் பார்க்க வேண்டும் என்று வாட்ச்மேன் கேட்டார். சும்மா என்றேன். சொல்ல வேண்டியதை வரும்போதே மனப்பாடம் செய்திருந்தேன். இரண்டே வாக்கியம்.

பதினொன்று. பன்னிரண்டு. கேட்டைத் தாண்டவில்லை.

ஒரு மணிக்குச் சங்கு. பெண்கள் தூக்குப்போசியோடு வெளியே வந்து புளியமரத்தடியில் உட்கார்ந்தார்கள். என்னைச் சுற்றித்தான். யாருக்கும் என்னைத் தெரியாது. கொஞ்சம் நகந்துக்குங்கண்ணா என்றாள் ஒருத்தி. நகர்ந்தேன். சோறு தின்றுகொண்டே பேசினார்கள். சரசக்கா இருந்திருந்தால் இந்த லாட் நேற்றே முடிந்திருக்குமாம். "பாவம், நல்ல அக்கா. கண்ணு போயிருச்சு" என்றாள் ஒரு சின்னப் பெண். மற்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள்.

ஹாலுக்குள் போகவே தேவையில்லை. அவர்களே வந்து என் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்திருந்தால் போதும்.

மறுபடி சங்கு. எழுந்து கை கழுவி உள்ளே போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்து, தெக்கலூர் போனேன், தங்கவேல் ஊரில் இல்லை என்று சொன்னேன். ச. என் முகத்தைப் பார்த்தாள். பனியனைப் பார்ப்பதுபோல், மேலிருந்து கீழாகப் பார்த்தாள். "சரிங்க" என்று சொல்லிவிட்டுச் சோறு போட்டாள்.