இரண்டு அறைக்கும் திரை

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை எழுது என்றால் எழுதவா போகிறாய்! நல்ல சேதி ஒன்று. எங்கள் தெருவிலேயே ஒரு வீடு காலியாகிறது. இரண்டு படுக்கையறை. வாடகை நீ அங்கே கொடுப்பதில் பாதிகூட வராது. பல் செட் செய்கிற உன்னை மாதிரி ஆள் கிடைக்காமல் இங்கே மூன்று கிளினிக் திண்டாடுகிறது. உன் மீசைக்காரர் இங்கேயும் பஸ் ஓட்டலாம். பக்கத்து மாநிலம்தானே, கடலையா தாண்டச் சொல்கிறேன்?

வீட்டுக்காரம்மா, "யார் யாரு வர்றாங்க?" என்று கேட்டார். "என் தம்பியும் பெரியப்பா மகனும்" என்று சொல்லிவைத்தேன். பெரியப்பாவுக்குப் பிள்ளையே கிடையாது என்பது அவருக்கு எங்கே தெரியப்போகிறது!

அன்புடன்,
அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மீசை இரண்டு தடவை படித்தார். "பரவால்ல, உங்க பெரியப்பாவுக்கு இப்பவாவது ஒரு வாரிசு கெடைச்சுதே" என்று சிரித்தார். அப்புறம் போய்ப் படுத்துக்கொண்டார்.

இங்கே மறுபடி வாடகையை ஏற்றிவிட்டார்கள். மே மாதத்துக்குள் காலி செய்தாக வேண்டும். அதனால் அங்கே வரத்தான் யோசிக்கிறோம். ஆனால் போன வருஷம் அவருக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்தபோது நர்ஸ், "நீங்க யாருங்க?" என்று கேட்டாள். "கணவர்" என்றேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இங்க கையெழுத்துப் போடுங்க, அவர் பக்கத்துல நாற்காலி இருக்கு" என்றாள். இங்கே பதிவான எங்கள் கல்யாணம் உங்கள் மாநிலத்துச் சட்டப்படி செல்லாது; அங்கே நான் அவருக்கு யாரோ. அந்த நாற்காலி அங்கே எனக்குக் கிடையாது.

கோபம் வருமென்று பார்த்தேன். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி இருக்கிறது.

சட்டத்தை நீ மாற்ற முடியாது. ஒன்றே ஒன்று செய். வீட்டுக்காரம்மாவிடம் உள்ளதைச் சொல்லிவிடு. சொன்னால் வருகிறோம்.

தம்பி

மார்ச் 28

அன்புள்ள தம்பிக்கு,

அந்த அம்மா வாசல்வரை போனேன். வாய்வரை வந்தது. திரும்பிவிட்டேன். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா, சொல்லு. "உள்ளுக்குள்ள அவங்க எப்படி இருந்தா யாருக்கென்ன? வெளியில ஏன் சொல்லணும்?" என்கிறார் அத்தான்.

இரண்டு அறைக்கும் நானே திரை தைத்து மாட்டியிருக்கிறேன். கனத்த துணி. விளக்கைப் போட்டாலும் வெளியே ஒன்றும் தெரியாது. பார்க்கிறவர்களுக்காக அறைக்கு ஒரு கட்டில் போட்டாயிற்று. பிடிவாதம் பிடிக்காமல் வந்து சேர். சாவி இத்துடன்.

அக்கா

ஏப்ரல் 9

அக்காவுக்கு,

சாவியைத் திருப்பி அனுப்புகிறேன்.

இங்கேயே ஊர்க்கோடியில் ஒற்றை அறை வீடு கிடைத்திருக்கிறது. வேலைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அதில் ஒன்றை மீசைதான் ஓட்டுகிறார்.

உன்மேல் வருத்தம் என்று எழுத உட்கார்ந்தேன். அதுகூட இல்லை. திரை நன்றாகத்தான் இருக்கும், உன் தையலுக்கு என்ன குறை? இனி எங்களுக்கு வீடு பார்க்காதே. கொஞ்ச நாள் கடிதமும் வேண்டாம்.

தம்பி

மே 6

அன்புள்ள தம்பிக்கும் மீசைக்கும்,

நீ வேண்டாம் என்ற பிறகும் எழுதுகிறேன். திட்டிக்கொள்ளுங்கள்.

சாவி வந்த அன்றே கொடுக்கப் போனேன். "என்னம்மா, அண்ணன் தம்பி வரலையா?" என்றார் வீட்டுக்காரம்மா. "அண்ணன் தம்பி இல்லீங்க. என் தம்பியும் அவன் புருஷனும்" என்றேன். சாவியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார்.

மறுநாளிலிருந்து என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போகிறார். தைக்கக் கொடுத்த இரண்டு பேர் துணியைத் திரும்ப வாங்கிப் போய்விட்டார்கள். மூன்று வாரமாக எனக்கு அழுகைகூட வரவில்லை. மெஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். மூன்று வாரத்துக்கே இந்தப் பாடு. உனக்கு எத்தனை வருஷமாக இப்படி என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லையே, தம்பி.

இங்கே வராதீர்கள். வராததே நல்லது.

சாவியைக் கொடுக்கும் முன்பே அந்தத் திரைகளைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன். உங்கள் புது வீட்டு ஜன்னல் எத்தனை அடி என்று மீசையாவது ஒரு வரி எழுதட்டும். மெல்லிய துணியாக எடுத்து வைத்திருக்கிறேன். அளவு வராமல் கத்தரி வைக்க மாட்டேன்.

அக்கா