வெள்ளிமலைப் பெட்டி நின்றுபோன வாரங்கள்

27-10-2025, திங்கள்

தியாகதுருகத்தில் விடாத மழை. வெள்ளிமலை விவசாயிகள் சங்கத்தில் கொள்முதலைப் பார்க்கும் கொளஞ்சியப்பன் அண்ணன் இன்று ஐந்தாவது முறை போன் செய்தார். சாமை மூட்டையை எடை போட்டுப் பதியும் எங்கள் கம்பெனிப் பெட்டி மறுபடி அசையாமல் நின்றுவிட்டதாம். “இன்னாங்க மேடம், மூட்டைய எறக்கி வச்சிக்கினு ஜனங்க நிக்கிறாங்க.” வழக்கம்போல, “அணைச்சிட்டுப் போடுங்கண்ணா” என்றேன். ஓடியது. நான் புரோகிராம் எழுதுகிறவளா, ஸ்விட்ச் போடச் சொல்கிறவளா? அலுத்துப் போகிறது.

29-10, புதன்

சென்னையில் இருக்கும் மேலாளர் தமிழரசன் சாரிடம் சொன்னேன். “மலையில கரண்ட் அப்படித்தாம்மா. விடுங்க.” விட்டேன்.

1-11, சனி

அண்ணன் குரலே சரியில்லை. ஜனங்களைத் திருப்பி அனுப்பி, வெளி வியாபாரிக்குச் சாமையைத் தள்ளிவிடத்தான் அவர் பெட்டியை நிறுத்துகிறார் என்று பேச்சு கிளம்பிவிட்டதாம். நனைந்த மூட்டையோடு ஜீப்பில் திரும்பிப் போனவர்கள் சும்மா இருப்பார்களா? நாளை கோயில் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டுமாம், ‘பெட்டியை நான் அணைக்கவில்லை’ என்று. “சொல்லிடுங்கண்ணா” என்றேன்.

பெட்டி தான் செய்வதையெல்லாம் உள்ளே பதிந்துவைக்கும் கோப்பை அனுப்பச் சொன்னேன். சாயங்காலமே வந்தது. உடம்பு முடியவில்லை. திங்கட்கிழமை பார்க்கலாம்.

3-11, திங்கள்

அவர் சத்தியம் செய்யவில்லை.

“தெனம் பத்து வாட்டி நீங்க சொல்லி அணைச்சிக்கினுதானங்க இருந்தேன். அணைக்கலன்னு சாமி முன்னால எப்படிங்க சொல்றது?”

குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு, சங்கத்துச் சாவியை வாங்கிவிட்டார்கள். அதன் பிறகுதான் கோப்பைத் திறந்தேன்.

பெட்டி எங்கள் சர்வரின் பெயரைச் சொல்லி, அது எங்கே என்று இணையத்தில் கேட்கும். எண் முகவரி பதிலாக வரும். அந்த டிஎன்எஸ் பதிலைப் பிரித்துப் படிக்கும் ஃபங்ஷன்களை, கம்பெனியின் ‘சி’ மொழி நூலகத்துக்காக, மார்ச்சில் எழுதியது நான். பதிலில் ஒரு பெயர் இரண்டாம் முறை வந்தால் முழுதாக இருக்காது. ‘முன்னால் இன்ன பைட்டில் இருக்கிறது, போய்ப் பார்’ என்று ஒரு சுட்டி மட்டும் இருக்கும். சுட்டி பின்னோக்கித்தான் போகிறதா என்று சோதித்திருக்கிறேன். நின்ற இடத்தையே காட்டினால்? ‘சிறியது’ என்று ஒப்பிட வேண்டிய வரியில் ‘சிறியது அல்லது சமம்’ என்று போட்டிருக்கிறேன். சிக்னல் விட்டு விட்டு வரும்போது அங்கிருக்கும் மோடம் அப்படி ஒரு கெட்ட பதிலைத் தருகிறது. என் ஃபங்ஷன் அதே பைட்டை ஓயாமல் படித்துக்கொண்டே கிடக்கிறது. நான் சோதனைக்கு வைத்திருந்ததெல்லாம் இந்த வீட்டு வைஃபையில் வந்த ஒழுங்கான பதில்கள்.

ஒரே ஒரு குறி. அந்த மனுசன் இன்னா பண்ணாரு பாவம்? சனிக்கிழமையே தொறந்து பாத்திருந்தா? ஒரு மணி நேர வேலைதானே — முடியலையாம் எனக்கு!

4-11, செவ்வாய்

திருத்திவிட்டேன். கெட்ட பதில்களையும் சோதனையில் சேர்த்தாயிற்று. தமிழரசன் சார்: “அனுப்பிடுங்க. ‘பொதுவான மேம்பாடு’ன்னு குறிப்பு போதும். கஸ்டமருக்கு எதையும் எழுதிக் குடுத்துடாதீங்க. நீங்க கான்ட்ராக்ட்ல இருக்கீங்க, ஞாபகம் இருக்கட்டும்.”

6-11, வியாழன்

எழுதிக் கொடுக்காமல் அவருக்குச் சாவி திரும்பி வராது. வேறு வழி இருக்கிறதா? இரண்டு நாளாக யோசித்தாயிற்று.

8-11, சனி

கள்ளக்குறிச்சி போய் வெள்ளிமலை பஸ் பிடித்தேன். மலை ஏறுவதற்குள் இரண்டு முறை வாந்தி. சங்கத்து முற்றத்தில் முப்பது பேர் இருந்தார்கள். அண்ணன் தள்ளி, சுவரோரம் நின்றார். தப்பு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதத்தைப் படித்தேன். பைட்டும் சுட்டியும் யாருக்கும் புரியவில்லை.

சாலம்மாள் என்ற அம்மா எழுந்தார். நனைந்த மூட்டைகளில் நான்கு அவருடையவை. “காயிதம் ஆரு வேணா எழுதலாம். சூடத்த அணைச்சிச் சொல்லு.”

கோயிலுக்குக் கூட்டிப் போனார்கள். தப்பு என்னுடையது, அணைக்கச் சொன்னதும் நான்தான் என்று சொல்லி, எரியும் சூடத்தை உள்ளங்கையால் அணைத்தேன். சாவியை அண்ணனிடம் கொடுத்துவிட்டார்கள்.

“நீ சொல்றத நம்பறேன்மா. என் சாம மொளச்சிப் போச்சி. அதுக்கு இன்னா சொல்ற?” என்று சாலம்மாள் கேட்டார். தலையைக் குனிந்துகொண்டேன்.

12-11, புதன்

கம்பெனியிலிருந்து மெயில். இந்த மாதத்தோடு கான்ட்ராக்ட் முடிகிறது.

2-12, செவ்வாய்

கொளஞ்சியப்பன் அண்ணன் போன். “ஒரு வாட்டி கூட நிக்கலைங்க மேடம். ரசீதுதான் மங்கலா வருது. இன்னா பண்றது?”

நான் இப்போது அங்கே வேலையில் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவருக்குப் பின்னால் மூட்டை இறக்கும் சத்தமும், யாரோ வரிசையில் நிற்கச் சொல்லிக் கத்துவதும் கேட்டன. ரசீது வரும் இடத்து மூடியைத் திறந்து, காகித உருளைக்கு மேலே இருக்கும் அச்சுப் பட்டையை உலர்ந்த துணியால் துடைக்கச் சொன்னேன். அவர் துடைத்து முடிக்கும்வரை லைனிலேயே இருந்தேன்.