தேனீக்குக் கணக்கு வாத்தியார்

என் வாயாடிக்கு,

நான் சௌக்கியம். உன் கால் வீக்கம் வடிந்ததா? வயிற்றுப் பிள்ளையோடு தண்ணீர் வாளி தூக்குகிறாயாமே? அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லி, அவர் பேச்சைக் கேள்.

என் தத்துவப் பேராசிரியர் இன்னும் புத்தகம் ‘எழுதுகிறார்’. அதாவது அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி அவர் பிதற்றுவார். ஒரு வார்த்தை விடாமல் நான் தட்டச்சு செய்ய வேண்டும். கணக்குதான் கடவுள், இயற்கை அந்தக் கடவுள் போட்டுப் பார்த்த கணக்கு என்பது இந்த மாதத்து ஞானம்.

நேற்று, “தேன்கூட்டப் பாருங்க, அத்தனையும் அறுகோணம்! தேனீக்குக் கணக்கு சொல்லிக் குடுத்தது யாரு?” என்று கையை வீசினார். ஜன்னல் வழியே வந்த தேனீ ஒன்று அந்தக் கையிலேயே கொட்டியது. “ஐயோ, கடவுளே!” என்று அலறிக்கொண்டு மேசைக்கடியில் புகுந்தார். பழக்க தோஷத்தில் அந்த அலறலையும் தட்டச்சு செய்துவிட்டேன்.

இன்று அதைப் படித்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. “கேள்விக்குப் பதில் தானா வந்து விழுந்திருக்கு பாருங்க! அப்படியே வச்சிடுங்க” என்கிறார். கொட்டு வாங்கியதே மறந்துவிட்டது! இந்த ஆளையும் மேதை என்று கொண்டாட ஒரு கூட்டம் இருக்கிறது. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பினால், முழங்கையால் இடிக்க நீ பக்கத்தில் இல்லை.

என் பழைய போர்வையை அனுப்பு. ஸ்கேன் முடிந்த கையோடு போன் போடு. பேராசிரியர் செருமுகிறார், முடிக்கிறேன். போன தடவை ஸ்கேனுக்குப் போன நீ பொழுது சாய்ந்தும் போனை எடுக்கவில்லை. அப்போது நானும் ‘ஐயோ, கடவுளே!’ என்றுதான் அலறினேன். நல்லவேளை, தட்டச்சு செய்ய ஆளில்லை.

உன்னவன்