கால் எட்டாத சீட்டு

வாயால் வெட்டி மனசால் ஒட்டவைத்த என் மதினிக்கு,

பாண்டி எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்காரரின் தம்பி என்று சொல்வதைவிட, தினமும் உங்களிடம் திட்டு வாங்கிய ஜீப்பு டிரைவர் என்று சொன்னால்தான் உங்களுக்குச் சட்டென்று பிடிபடும். நேற்றுச் சாயங்காலம்தான் நானும் உங்கள் மகன் மணியும் சென்னையிலிருந்து போடிக்கு வந்து சேர்ந்தோம். நாளைக்கு உங்களுக்குத் தலைத்திவசம். வீட்டில் ஆளுக்கொரு சோலியாக அலைகிறார்கள். என்னை மட்டும் இடுப்புவலிக்காரன் என்று சொல்லி ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டார்கள். உட்காருவதுதானே மதினி எனக்கு ஆகாத காரியம்? அதனால் அடுப்படி மேடையில் தாளை விரித்து, நின்றுகொண்டே எழுதுகிறேன்.

அலுப்பாக இருக்கிறது. பயண அலுப்பு மட்டும் இல்லை. இந்த ஒரு வருஷமாகவே எதைத் தொட்டாலும் அலுப்புதான். காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் நம் தெரு வழியாகப் போகிற சத்தம் கேட்கும். நான் படுக்கையிலேயே கிடப்பேன். முதுகெலும்பு தேய்ந்திருக்கிறது, இனி மலை ரோட்டில் வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நம் ஜீப்பை இப்போது சிலமலைக்காரர் ஒருவர் ஓட்டுகிறார். பின்பக்கக் கடைசியில், உங்கள் இடத்தில், ராசிங்காபுரத்துப் பெண் ஒருத்தி உட்காருகிறாள். அவள் வாயே திறப்பதில்லையாம். ஜீப்பு சப்பென்று கிடக்கிறது என்று மற்றப் பெண்கள் குறைப்படுகிறார்கள்.

நீங்கள் இருந்தவரை அந்தக் குறை இல்லை. போடிமெட்டு ஏறுகிற ஒவ்வொரு வளைவிலும் பின்னாலிருந்து உங்கள் சத்தம் வரும். "மெதுவாப் போங்க கொழுந்தனாரே. ஜீப்புதான் ஒங்களது, இடுப்பு என்னோடது" என்பீர்கள். சீட்டில் கம்பி குத்துகிறது, டயரில் காற்று கூடிப்போச்சு, டிரைவர் தூங்கி வழிகிறார் என்று ஏதாவது ஒன்று. உள்ளே இருக்கிற பெண்கள் எல்லாம் சிரிப்பார்கள், எனக்கு எரிச்சலாக வரும். ஒருநாள் மலையடிவாரத்தில் முந்தலில் வண்டியை நிறுத்தி, அப்படியானால் நடந்தே வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். நீங்களும் இறங்கி நடந்தீர்கள்! பிறகு நான்தான் பின்னாலேயே வண்டியை உருட்டிக்கொண்டு வந்து, கெஞ்சிக் கூத்தாடி ஏற்ற வேண்டியிருந்தது.

அப்படிப்பட்ட நீங்கள் அந்தப் புது ரயிலில் வாயைத் திறக்கவில்லை. அதைத்தான் என்னால் இன்னமும் தாங்க முடியவில்லை.

வயிற்றில் கட்டி என்று சென்னையில் ஆபரேஷன் செய்தார்கள். அதன்பிறகு அடிக்கடி பரிசோதனைக்கு வரவேண்டும் என்றார்கள். அண்ணன் அதற்கு முன்னாலேயே காலமாகிவிட்டார். மணிக்கு அங்கே வேலை. என் வீட்டுக்காரிக்கு வண்டி ஏறினாலே குமட்டும். துணைக்கு நான்தான் என்று ஆயிற்று. மணி டிக்கெட்டைப் போனில் அனுப்பிவிட்டுக் கூப்பிட்டான். மதுரையிலிருந்து புது வண்டி விட்டிருக்கிறார்கள், விமானத்தில் இருக்கிற மாதிரி சீட்டு, உனக்காகப் பார்த்துப் பார்த்துப் போட்டேன் அம்மா என்றான். நீங்கள் அந்தப் போனைத் தெருவெல்லாம் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தீர்கள்.

வண்டியைக் குறை சொன்னால் வாய் அழுகிவிடும். துடைத்து வைத்த சுத்தம், குளுகுளுவென்று ஏசி, தானாகத் திறக்கிற கதவு, உட்கார்ந்த இடத்துக்கே சாப்பாடு. சீட்டும் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் யாரை உட்கார வைத்து அளவெடுத்தார்களோ, நிச்சயம் உங்களை இல்லை. அடிமெத்தை நீளம். முதுகைச் சாய்த்தால் உங்கள் கால் தரைக்கு எட்டவில்லை. காலை ஊன்றினால் முதுகுக்குச் சாய்மானம் இல்லை. தலைக்கென்று வைத்த மேடு உங்கள் உச்சியைப் பிடித்து முன்னால் தள்ளியது. பொத்தானை அழுத்தினால் முதுகு சாயும் என்று நானும் அழுத்திப் பார்த்தேன். முதுகு அப்படியே நிற்க, அடிமெத்தை முன்னால் நகர்ந்தது! சம்மணம் போடலாம் என்றால் இரண்டு பக்கமும் கைப்பிடி மறித்தது.

மலை மலையாக ஏறி இறங்கிய கால் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு வந்தது. திருச்சி வருவதற்குள் மெத்தை விளிம்பு அழுத்தி அழுத்தி, இரண்டு பாதமும் மரத்துப்போய்விட்டன என்று என் காதில் மட்டும் சொன்னீர்கள். தைத்த வயிறு வேறு இழுத்துப் பிடித்தது. சென்னையில் இறங்கும்போது செருப்பு காலில் நுழையவில்லை. கழற்றிப் பைக்குள் போட்டீர்கள். அப்போதுதான் என் சட்டையைப் பிடித்து இழுத்தீர்கள். கேலி பேசும்போது நான் உங்களுக்குக் கொழுந்தனார். நெஞ்சிலிருந்து வந்தால் தம்பி.

"தம்பி, அவன்ட்ட மூச்சு விட்ராதீங்க. புள்ள ஆசையாப் போட்டுருக்கான். எம்மேல சத்தியம்."

ஸ்டேஷன் வாசலில் நின்ற மணி முதலில் கேட்டதே சீட்டைப் பற்றித்தான். தொட்டிலில் போட்டு ஆட்டின மாதிரி சொகுசாக இருந்தது என்றீர்கள். செருப்பு எங்கே என்றதற்கு, இந்தத் தரை வழவழவென்று நன்றாக இருக்கிறது, வெறுங்காலோடு நடந்து பார்க்கிறேன் என்றீர்கள். அடேயப்பா, எங்கிருந்து மதினி அந்தப் பொய் வந்தது? அவன் முகம் பூரித்துப்போனது. அதைப் பார்த்து உங்கள் முகமும் பூரித்தது. நடுவில் நான் ஒருவன் பையைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

அதன்பிறகு ஒவ்வொரு தடவையும் அதே வண்டி, அதே பொய். போடியிலிருந்தே சென்னைக்கு ஒரு வண்டி போகிறது, கீழ்ப் படுக்கை போட்டால் படுத்துக்கொண்டே போய்விடலாம் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். தேடித் தேடிப் போடுகிற பிள்ளையிடம் அது நன்றாக இல்லை என்றால் அவன் மனசு சுருங்கிப்போகும் என்பீர்கள். ஜீப்பில் கம்பி குத்தியதற்கு ஊர் கேட்க என்னைக் கிழித்தீர்களே, என் மனசு சுருங்காதா? இல்லை, என்னிடம்தான் வலிக்கிறது என்று சொல்ல முடிந்ததா? இதை இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

கட்டி மறுபடி வந்து, நீங்களும் போய்விட்டீர்கள். மணியைத் தாங்கி நிறுத்தியது உங்களுடைய அந்தப் பொய்தான். துக்கம் விசாரிக்க வந்த ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னான். அம்மாவைப் பிழைக்க வைக்க முடியவில்லை, ஆனால் அலைந்த அலைச்சலில் ஒருநாளும் வலி தெரியாமல் பார்த்துக்கொண்டேன், அந்தச் சீட்டென்றால் அம்மாவுக்கு உயிர் என்றான். சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பான். நான் தலையை ஆட்டுவேன். அவனுக்கு ஆறுதல் என்று மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

இப்போது என் இடுப்புக்கு வந்தது வினை. மணி விடவில்லை. உங்களைப் பார்த்த ஆஸ்பத்திரிக்கே என்னையும் வரச்சொல்லி டிக்கெட் அனுப்பினான். அதே வண்டி. அம்மாவுக்குப் பிடித்த சீட்டு சித்தப்பா என்றான். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பான். காரணத்தைச் சொன்னால் உங்கள் குட்டு உடையும். என் இடுப்பைப் பார்ப்பதா, அவன் ஆறுதலைப் பார்ப்பதா? பேசாமல் ஏறி உட்கார்ந்தேன். எனக்குக் கால் எட்டும், ஆனால் முன்சீட்டு முழங்காலை இடித்தது. மதுரையிலிருந்து கிளம்பியதுமே இடுப்புக்குள் ஆணி இறங்க ஆரம்பித்துவிட்டது. போய் இறங்கியதும் எப்படி இருந்தது என்று கேட்டான். சொகுசுக்கு என்னடா குறைச்சல் என்றேன்.

நேற்றுத் திரும்பி வரும்போது உங்கள் திவசத்துக்காக அவனும் கூட வந்தான். நடக்கிற வழிக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மா. உங்கள் உயரம்தான் இருப்பார். பக்கத்தில் அவருடைய மகள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தூங்கிவிட்டாள். விழுப்புரம் வரை அந்த அம்மா அசையவில்லை. பிறகு ஒரு காலை மடித்துப் பார்த்தார், இறக்கினார். நுனிக்கு வந்தார், திரும்பப் பின்னால் போனார். ஒரு பாதத்தால் இன்னொரு பாதத்தைத் தேய்த்துக்கொண்டார். மணி லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து எழுந்துபோய், தன் பையை அவர் காலடியில் வைத்து, இதன்மேல் வைத்துக்கொள்ளுங்கள் அம்மா என்றான்.

அந்த அம்மா பதறிப்போய் மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் எழுந்துவிடவில்லை என்று தெரிந்ததும் தணிந்த குரலில் சொன்னார்.

"வேணாம் தம்பி. சீட்டு நல்லா சொகுசாத்தான் இருக்கு."

மணி பையை அங்கேயே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான். ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் பக்கம் திரும்பாமல் கேட்டான்.

"சித்தப்பா, அம்மாவும் இப்படித்தான் வந்துச்சா?"

உங்கம்மா குள்ளம், அவருக்கு இடம் தாராளமாக இருந்தது என்று ஒரு பொய்யை வாய்வரை கொண்டுவந்துவிட்டேன் மதினி. ஆனால் எதிரே அந்த அம்மாவின் கால் இரண்டும் பையின்மேல் பதிந்து, அவர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். அதைப் பார்த்துக்கொண்டே என்னால் சொல்ல முடியவில்லை. ஆமாடா என்றேன். கால் தொங்கியது, வீங்கியது, செருப்பு நுழையாதது, நீங்கள் என்னிடம் வாங்கிய சத்தியம், எல்லாவற்றையும் சொன்னேன். ஆரம்பித்தபிறகு நிறுத்தத் தெரியவில்லை.

அழுவான் என்று நினைத்தேன். அவனுக்குக் கோபம் வந்தது. என்மேலா, உங்கள்மேலா, யார்மேல் என்று தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான்.

"அந்தச் சீட்டுல எனக்கு என்ன சித்தப்பா பெருமை? அம்மாவுக்கு வலிக்கக் கூடாதுன்னுதானே போட்டேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா படுக்க வச்சுக் கூட்டிட்டு வந்திருப்பேனே."

திருச்சி வந்தது, போனது. அவன் முகத்தை ஜன்னல் பக்கமே வைத்துக்கொண்டான். எனக்குப் பயமாகிவிட்டது. தாயில்லாத பிள்ளை பிடித்துக்கொண்டிருந்த ஒரே கொம்பையும் ஒடித்துவிட்டோமே என்று இருந்தது. உங்களை மனசுக்குள் கூப்பிட்டு, வந்து திட்டிவிட்டாவது போங்கள் என்றேன். திண்டுக்கல்லை நெருங்கும்போது அவன் என் பக்கம் முழுசாகத் திரும்பினான். கண் சிவந்திருந்தது.

"இப்ப ஒங்களுக்கு எங்க வலிக்குது?"

ஒன்றுமில்லையடா என்று வாய் பழக்கதோஷத்தில் ஆரம்பித்தது. அவன் என் கையைப் பிடித்தான். "அம்மா மாதிரி சொல்லாதீங்க சித்தப்பா" என்றான்.

சொன்னேன் மதினி. இடுப்பில் பிடித்துத் தொடை வழியாகக் குதிகால் வரை இறங்குவதைச் சொன்னேன். குனிந்து செருப்பு மாட்ட முடியாததை, தும்மினால் உயிர் போய் வருவதைச் சொன்னேன். காலையில் ஜீப்பு சத்தம் கேட்டால் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அழுவதையும் சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரிக்குக்கூட அது தெரியாது. அவன் எல்லாம் கேட்டு முடித்து, கையைக் கொடுத்து என்னை எழுப்பினான். கதவோரமாகக் கூட்டிக்கொண்டு போனான். கொடைரோடு தாண்டி மதுரை வரும்வரை இரண்டு பேரும் நின்றுகொண்டே வந்தோம். வண்டி குலுங்கும்போதெல்லாம் என் இடுப்பில் அவன் கை இருந்தது.

அடுத்த பரிசோதனைக்குப் போடியிலேயே ஏறிப் படுத்துக்கொள்கிற மாதிரி டிக்கெட் போட்டுவிட்டான். அந்தச் சீட்டைப் பற்றி அவன் வாயிலிருந்து ஒரு பேச்சும் வரவில்லை. நாளைக்கு வருகிறவர்களிடம் பழையபடி சொல்லுவானா, மாட்டானா, எனக்குத் தெரியாது. அவன் இப்போது உங்கள் படத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைக்கிறான்.

சத்தியத்தை மீறினதற்கு என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். இனி நான் கொடுக்கிற வாக்கு ஒன்றுதான். வலித்தால் வலிக்கிறது என்று உங்கள் மகனிடம் சொல்லுவேன். நீங்கள் சொல்லாமல் கொண்டுபோனதையும் சேர்த்துச் சொல்லுவேன்.

உங்கள் மகனுக்கு இனி நான் இருக்கிறேன் என்று எழுதும்,
உங்கள் கொழுந்தன்
பாண்டி