மச்சாள் வளர்த்த மல்லிகை

மச்சாள், நேற்று பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த பெண்ணின் தலை நிறைய மல்லிகை. மற்றவர்களுக்கு அது வாசம். என்னால் அங்கே இருக்க முடியவில்லை. அடுத்த தரிப்பிலேயே இறங்கிவிட்டேன்.

உங்கள் தம்பியைக் கட்டிக்கொண்டு நான் கொக்குவிலுக்கு வந்தபோது, கிணற்றடியில் அந்தச் செடி என் இடுப்பளவு நின்றது. மாசி பிறந்ததும் கிளையெல்லாம் ஒட்ட வெட்டுவீர்கள். மிஞ்சிய இலையையும் உருவிவிட்டு, வேரடியைக் கொத்தி ஆட்டெருப் போடுவீர்கள்.

"ஐயோ, மொட்டையடிச்சுப் போட்டியளே!"

"பேசாமல் இரும். வெட்டாட்டி இலைதான் வரும், பூ வராது."

பங்குனியில் வளவே மணக்கும். அண்ணை, உங்கள் வீட்டுக்காரர், வேலையால் வந்து சைக்கிளைச் சாத்தும் நேரத்துக்குச் சரம் உங்கள் கொண்டையில் ஏறியிருக்கும். அவரும் பார்க்காதவர்போலப் பார்ப்பார்.

ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். முகாம் முகாமாக ஏறி இறங்கினோம். அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்றார்கள், எல்லா வாசலிலும்.

நீங்கள் பூ வைப்பதை நிறுத்தவில்லை. மண்ணெண்ணெய் இல்லாமல் தண்ணீர் மோட்டர் ஓய்ந்த காலத்திலும், ஹெலி சுற்றிவிட்டுப் போனதும் பங்கரிலிருந்து முதலில் ஏறி வாளியோடு செடியடிக்கு ஓடுவது நீங்கள்தான். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். ஊர் வாய் சும்மா இருக்குமா? "புருசன் எங்கையெண்டு தெரியேல்லை, உவவுக்குப் பூக் கேக்குது" என்று வேலிக்கு அந்தப் பக்கம் கதைத்தார்கள். நீங்கள் வேலியடிக்கே போய் நின்றீர்கள்.

"செத்துப்போனாரெண்டு ஆர் சொன்னது? ஆளைக் கொண்டுவந்து காட்டுங்கோ, அப்ப கழட்டுறன்."



சண்டை கிட்ட வந்து, கொட்டுகிற மழைக்குள் ஊரே வெளிக்கிட்டபோது செடியை விட்டுவிட்டுத்தான் வந்தோம். சாவகச்சேரியில், ஒரு பள்ளிக்கூட விறாந்தையில், காய்ச்சல் உங்களைக் கொண்டுபோயிற்று. குளிப்பாட்ட வந்த பெண்கள் என்னைத் தனியே கூப்பிட்டார்கள்.

"பிள்ளை, பூவும் பொட்டும் வைக்கிறதோ, விடுறதோ?"

உங்கள் தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வையுங்கோ! அவவின்ரை மனுசன் இருக்கிறார்!" என்று கத்தினேன். அந்த மழையில் மல்லிகைக்கு எங்கே போவது? பக்கத்து வளவில் ஒரு செவ்வரத்தம்பூ கிடைத்தது. நானே வைத்துவிட்டேன்.

இன்றும் யாராவது அண்ணையைக் கேட்டால் "இருக்கிறார்" என்றுதான் சொல்கிறேன். நான் அதை ஒருநாளும் நம்பியதில்லை, மச்சாள். ஆனால் "இல்லை" என்று ஒருமுறை சொன்னாலும், உங்கள் தலையிலிருந்து பூவை எடுத்த கை என்னுடையதாகிவிடும்.