படகில் நின்றவளின் உடை

அண்ணி,

அந்தப் பெண் வெள்ளை உடுத்தியிருக்கவில்லை. வெளிர் மஞ்சள். ஆயர் குரோவிலிருந்து என்னிடம் பியானோ கற்க வந்துகொண்டிருந்த ஒருத்தி, வெளிநாடு போன இடத்தில் ஓவியப் புத்தகம் ஒன்றை வாங்கி அனுப்பியிருக்கிறாள். பக்கத்தைப் புரட்டினேன், நம் படகு வந்துவிட்டது. அதே துடுப்புக்காரன், அதே அக்கரைக் கோபுரம். நம்மிடம் இருந்தது இசைத்தாளின் அட்டையில் கறுப்பு வெள்ளையில் அச்சான, தீப்பெட்டி அளவுப் படம்தானே. அதை வைத்துக்கொண்டு எத்தனை சண்டை போட்டோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். மஞ்சளேதான். இதை உங்களிடம்தான் சொல்ல வேண்டும், நீங்களோ இல்லை.

நான் கான்வென்டில் வாசிக்கக் கற்றுக்கொண்டேன் என்பதற்காக, ஊருக்குக் கிளம்பிய ஒரு எஸ்டேட் துரையின் பியானோவை அண்ணன் காஜா பேராங்கில் இருந்த நம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதோடு வந்த தாள்களில் ஒன்றுதான் அது. யாரோ ஒரு ஜெர்மன்காரர் அந்த ஓவியத்தின் முன்னால் நின்று பார்த்துவிட்டு வந்து எழுதிய இசை. இடது கை தண்ணீர், வலது கை கோபுரத்து மணி. ஓவியத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் மணியை எப்படி அடிப்பது என்று தெரியும். நான் அட்டையை உங்களிடம் நீட்டினேன்.

"ஐயோ பாவம், தாலி அறுத்தவ," என்றீர்கள்.

"வெள்ளைக்காரங்களுக்கு வெள்ளைதான் அண்ணி கல்யாணத் துணி. இவ கல்யாணப் பொண்ணு."

"கல்யாணத்துக்குப் போறவ எதுக்குத் திரும்பிப் பார்க்குறா?"

"அம்மா வீட்டை விட்டுப் போறா, பார்க்க மாட்டாளா? நீங்க பார்க்கலையா?"

"நான் எங்க பார்த்தேன்? உங்க அண்ணன் சட்டைப் பித்தானை மாத்திப் போட்டுக்கிட்டு நின்னாரு. அதைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே வந்துட்டேன்."

அன்றிலிருந்து அந்த இசை நம் வீட்டில் இரண்டாகிவிட்டது. விதவை என்றால் மணி கனத்து விழ வேண்டும். கல்யாணப் பெண் என்றால் அது கூப்பிட வேண்டும். உங்களைச் சீண்டுவதற்காக இரண்டு மாதிரியும் வாசிப்பேன். பத்திரிகைக்குப் பின்னாலிருந்து அண்ணன், "எப்படி வேணா வாசி, சோறு எப்போ?" என்பார்.

ஜப்பான்காரன் வந்தான். இசையை எழுதினவன் ஜெர்மன்காரன், இவனுக்குக் கூட்டாளி, பயப்படாமல் வாசி என்றார் அண்ணன். அந்தக் கேலிகூட நெடுநாள் நிலைக்கவில்லை. தம்பின் ஊருக்குப் போகும் தண்டவாளத்தைப் பெயர்த்து, அங்கே ரயில் பாதை போடச் சயாமுக்கு ஏற்றினார்கள். ஸ்டேஷனில் கணக்கெழுதிக்கொண்டிருந்த அண்ணனையும் ஏற்றினார்கள். "மூணு மாசந்தான்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு எனக்கு நினைவிருப்பதெல்லாம் அசதிதான். மரவள்ளிக் கிழங்கு தின்று தின்று உடம்பு ஊதியிருந்தது, கையைத் தூக்கினால் போதும், தலை சுற்றும். நீங்கள் கொல்லையில் களை பறித்துவிட்டு, சேற்றுக் காலோடு வந்து பியானோ பக்கத்தில் வெறுந்தரையில் படுத்துக்கொண்டு, "வாசி," என்பீர்கள்.

"எந்த மாதிரி?"

"கல்யாண மாதிரி."

அண்ணன் போன நாள் முதல் நீங்கள் இன்னொரு மாதிரியைக் கேட்கவே இல்லை.

பிறகு அவரோடு போன ஒருவர் தப்பி வந்தார். காலெல்லாம் புண். வாசலில் உட்கார்ந்துகொண்டு, "காலரா வந்துச்சு. பாயில சுத்தித் தூக்கினாங்க. அவருதான்னு சொன்னாங்க," என்றார்.

"முகத்தைப் பார்த்தீங்களா?" என்று கேட்டீர்கள்.

கொடுத்த கிழங்கைத் தின்றுவிட்டு எழுந்து போனார்.

செங் ஊர்ப் பக்கமிருந்து சித்தப்பா வந்தார். சடங்கை முடித்துவிட வேண்டும், போன உயிர் அலையக்கூடாது, ஊர் என்ன பேசும் என்று அவர் சொல்லச் சொல்ல நீங்கள் ஒரே பேச்சாக, "முகத்தைப் பார்த்த ஒருத்தரைக் கூட்டிக்கிட்டு வாங்க," என்றீர்கள். அவர் கெட்டவர் இல்லை. அழுதுகொண்டேதான் மறுபடி மறுபடி வந்தார். நீங்கள் பொட்டை அழிக்கவில்லை. அவர் நம் வீட்டில் தண்ணீர் குடிப்பதையும் விட்டார். கடைசியில் ஒருநாள் காலையில், "சரி, வரச் சொல்லு," என்றீர்கள்.

வெள்ளைச் சேலைக்கு எங்கே போவது? ஊரில் சாக்கைக் கட்டிக்கொண்டு நடந்த காலம். நீங்கள் பெட்டியைத் திறந்து அண்ணனின் வேட்டிகள் இரண்டை எடுத்தீர்கள். தலைமுறைகளாகத் தமிழ் மறந்துபோன பக்கத்துச் செட்டி வீட்டில் மலாயில் கேட்டு நான் ஊசி வாங்கி வந்தேன். ஓரத்தோடு ஓரம் வைத்து நீங்களே தைத்தீர்கள். தாலியைக் கழற்றும்போது உங்கள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பெண்கள்தான் ஓலமிட்டார்கள்.

சாயங்காலம் எல்லாரும் போன பிறகு, அந்த வேட்டிச் சேலையோடு பியானோ அருகில் வந்து நின்றீர்கள்.

"வாசி."

"இன்னைக்கா அண்ணி?"

"வெள்ளைக்காரங்களுக்கு இதுதானே கல்யாணத் துணின்னு சொன்னே. எனக்கும் அப்படித்தான். யார்கிட்டயும் சொல்லாதே."

வாசித்தேன். கண்ணீரில் தாள் தெரியவில்லை. மணி ஓயும் கடைசிப் பக்கத்தில் என் கை தானாகத் தளர்ந்தது. நீங்கள் என் தோளைப் பிடித்தீர்கள்.

"இழுக்காதே. கரையில அவரு காத்துக்கிட்டு நிப்பாரு."

சண்டை முடிந்து சயாமிலிருந்து வந்த லாரி ஒவ்வொன்றையும் போய்ப் பார்த்தீர்கள். அதன் பிறகு பார்ப்பதையும் விட்டுவிட்டீர்கள். வெள்ளையை மட்டும் விடவில்லை. ஊர் பாவம் என்றது. உங்களைக் குளிப்பாட்டி எடுத்துப் போன அன்றும் அதையேதான் சொன்னது. எனக்குக் கோபம் வந்தது அண்ணி, ஊர் மேலும், உங்கள் மேலும். அண்ணன் வருவார் என்று நான் ஒருநாளும் நம்பவில்லை. மங்கலாக அச்சான ஒரு படத்தைப் பார்த்து வாய்க்கு வந்ததைச் சொன்னேன், நீங்கள் அதை ஆயுசு முழுக்க உடுத்திக்கொண்டீர்கள்.

இப்போது என் விரல் முட்டியெல்லாம் வீங்கிக் கிடக்கிறது. கடைசிப் பக்கத்தில், போகப் போக மெதுவாக என்று தெளிவாகவே அச்சிட்டிருக்கிறார்கள். படிக்க வரும் பிள்ளைகள், "டீச்சர், நீங்க மட்டும் ஏன் அங்க மெதுவா வாசிக்கிறதில்ல?" என்று கேட்பார்கள். மெதுவாக்கினால் என் கைக்குச் சுகமாகத்தான் இருக்கும். முடியவில்லை. அந்த இடம் வந்தால் அண்ணன் நின்றுகொண்டிருக்கிறார்.